எலிசபெத் கார்வரா, எலிசபெத் டில்லியா? சம்பந்தியம்மா வீட்டு வம்சாவளியில் ஒரு வில்லங்கம்

பொருநைக்கரையான் | ஞாயிறு, காலை 9.10

அனைவருக்கும் வணக்கம். பத்திரப்பதிவுத் துறையில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மாசசூசெட்ஸில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். மருமகள் இந்த மண்ணின் பெண். அவளுடைய தாயார், எங்கள் சம்பந்தியம்மா, 78 வயதுக்காரர். அடுத்த தெருவில் குடியிருக்கிறார்.

அவர் வீட்டுக் கூடத்தில் சட்டமிட்ட ஒரு வம்சாவளித் தாள் தொங்குகிறது. அவருடைய பாட்டி மையால் எழுதியது. உச்சியில் ஜான் ஹவ்லண்ட், 1620இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பலில் வந்தவர். அவர் பெயருக்குப் பக்கத்தில் 'மனைவி எலிசபெத், ஆளுநர் கார்வரின் பேத்தி' என்று இருக்கிறது. அங்கிருந்து இறங்கி, பத்தாவது தலைமுறையாக அந்தப் பாட்டியின் பெயரில் தாள் முடிகிறது. அந்தக் கணக்கில் என் பேரன் பதினான்காவது.

சென்ற வாரம் பேரனின் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னார்கள். தாளைப் பார்த்து எழுதப் போனவனிடம் மருமகள், "கார்வர் இல்லை, டில்லி என்று எழுது" என்றாள். சம்பந்தியம்மாவின் முகம் வாடிவிட்டது. "என் பாட்டி பொய் எழுதமாட்டார்" என்று மட்டும் சொன்னார். அதன்பின் இரண்டு நாள் அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை.

ஒரு சொத்து கைமாறி வந்த வழியைப் பார்க்க எனக்குத் தெரியும். கிரையப் பத்திரத்தைக் கொண்டுவந்தால் தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்பேன். அதற்கு முந்தியது எங்கே என்று கேட்பேன். நடுவில் ஒன்று விடுபட்டால், மேலே எத்தனை பெரிய பெயர் இருந்தாலும் என் கை கையெழுத்துப் போடாது. அதே கண்ணோடு இந்தத் தாளைப் பார்த்தேன். இரண்டு இடம் உறுத்துகிறது. ஒன்று, உச்சியில் இருக்கும் கார்வர். மற்றொன்று, ஐந்தாம் தலைமுறைக்கும் ஆறாம் தலைமுறைக்கும் நடுவில். ஆறாம் தலைமுறையில் இருப்பவர் அமெரிக்கப் புரட்சிப் போரில் இருந்த ஒரு சிப்பாயின் மனைவி. அவருடைய பெயர் மட்டும் இருக்கிறது, பிறந்த வீட்டுப் பெயர் இல்லை. பார்ன்ஸ்டபிள் ஊர்க்காரர் ஒருவரின் மகள் என்று காட்டும் கோடு மட்டும் வேறு மையில் இழுத்திருக்கிறது.

பேரன் சரியானதை எழுத வேண்டும். அந்த அம்மாவின் மனமும் நோகக்கூடாது. தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

பழஞ்சுவடி | ஞாயிறு, பிற்பகல் 1.35

ஐயா, முதல் வில்லங்கத்துக்கு விடை இருக்கிறது. உங்கள் மருமகள் சொன்னதே சரி. அதே நேரம் சம்பந்தியம்மாவின் பாட்டியும் பொய் எழுதவில்லை. அவருடைய முன்னோர் தலைமுறை தலைமுறையாக நம்பியதை அவர் எழுதியிருக்கிறார். இது எப்படி நேர்ந்தது என்பதை அந்த அம்மாவுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும்.

ஜான் ஹவ்லண்ட் இங்கிலாந்தின் ஹண்டிங்டன்ஷயரில் ஃபென்ஸ்டன்டன் ஊர்க்காரர். ஜான் கார்வரின் பணியாளாகக் கப்பலேறினார். நடுக்கடலில் புயல் அடித்தபோது மேல்தளத்துக்கு வந்தவர் கப்பலின் ஆட்டத்தில் கடலில் விழுந்துவிட்டார். பாயின் கயிறு ஒன்று தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிக்கொண்டார். நீருக்குள் அமிழ்ந்தும் பிடியை விடவில்லை. மேலே இருந்தவர்கள் கொக்கி போட்டு இழுத்துக் காப்பாற்றினார்கள். கப்பலில் எழுதிய உடன்படிக்கையில் கையெழுத்திட்ட 41 பேரில் அவரும் ஒருவர்.

கார்வர் பிளிமத் குடியேற்றத்தின் முதல் ஆளுநர். 1621 வசந்தகாலத்தில் இறந்தார். சில வாரங்களில் அவர் மனைவியும் போய்விட்டார். அவர்களுக்குப் பின் வாரிசாகப் பிள்ளைகள் இருந்ததாக எந்தச் சான்றும் இல்லை. பிறகு பேத்தி எப்படி வந்தாள்? எலிசபெத் டில்லியின் பெற்றோர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். அநாதையான சிறுமி கார்வர் வீட்டில் தங்கியிருக்கலாம் என்று பொதுவாகக் கருதுகிறார்கள். ஒரே வீட்டில் வளர்ந்த பெண், அந்த வீட்டுப் பணியாளையே மணந்தாள் என்றால், இரண்டு மூன்று தலைமுறை கழித்துச் சொல்பவர்கள் வாயில் அவள் அந்த வீட்டுப் பேத்தியாகிவிடுவது எளிது. அந்தப் பேச்சு அப்படியே அச்சிலும் ஏறிவிட்டது.

திருத்தியது வில்லியம் பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் படி. கார்வருக்குப் பின் நெடுங்காலம் ஆளுநராக இருந்தவர் அவர், அதே கப்பலில் வந்தவர். 1650ஐ ஒட்டி அவர் கப்பலில் வந்த ஒவ்வொரு குடும்பத்தையும் எழுதி, யார் இறந்தார், யாருக்கு எத்தனை பிள்ளை என்று கணக்கெடுத்தார். அதில் தெளிவாக இருக்கிறது: ஹவ்லண்ட் மணந்தது ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தை, இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், பத்துப் பிள்ளைகள், பத்தும் உயிரோடு இருக்கின்றன.

அந்தப் படி பாஸ்டனில் ஓல்ட் சவுத் தேவாலயக் கோபுரத்து நூலகத்தில் இருந்தது. புரட்சிக் காலத்தில் காணாமல் போனது. 1855இல் லண்டன் பேராயரின் ஃபுல்ஹாம் அரண்மனை நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. 1856இல் அச்சானது. 1897இல்தான் மாசசூசெட்ஸுக்குத் திரும்பியது. அது கைக்குக் கிடைக்காத அத்தனை காலமும் 'கார்வரின் பேத்தி' என்பதை மறுக்க யாரிடமும் வலுவான சான்று இல்லை. 1856க்குப் பின்னரும் பழைய தாள்களைப் பார்த்துப் புதிய தாள்கள் எழுதிக்கொண்டே வந்தார்கள். பாட்டியின் கைக்கு அப்படி ஒன்று வந்திருக்கும்.

இன்று பிளிமத்தில் பரியல் ஹில் மேட்டில் இருக்கும் ஹவ்லண்டின் கல்லில் டில்லியின் மகள் என்றே பொறித்திருக்கிறது. பேரனைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

பொருநைக்கரையான் | திங்கள், காலை 7.20

பழஞ்சுவடி ஐயாவுக்கு நன்றி. நேற்று மாலை சம்பந்தியம்மா வீட்டுக்குப் போய், நீங்கள் எழுதியதை மருமகளை விட்டு ஆங்கிலத்தில் சொல்லச் செய்தேன். தேநீர் ஆறும் வரைக்கும் அவர் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் அந்தப் பெண் யார்? நாங்கள் இத்தனை காலம் வேறு ஒருவர் பெயரால் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. யாருக்காவது அவளைப் பற்றித் தெரியுமா?

கயல் | திங்கள், காலை 11.05

பொருநைக்கரையான் அண்ணா, அந்த அம்மா கேட்ட கேள்வி என்னை உலுக்கிவிட்டது. வம்சாவளி எழுதும்போது பெண்களின் பெயரைத்தான் முதலில் தொலைக்கிறோம், பெரிய இடத்துப் பெயர் ஒன்று கிடைத்தால் அதை ஒட்டவைக்கிறோம். எலிசபெத் டில்லியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அப்படியே படித்துக் காட்டுங்கள்.

பெட்ஃபோர்ட்ஷயரில் ஹென்லோ என்ற சிற்றூரின் தேவாலயப் பதிவேட்டில் 1607 ஆகஸ்ட் 30 அன்று ஞானஸ்நானம் பெற்றவள். தந்தை ஜான் டில்லி. தாய் ஜோன் ஹர்ஸ்ட், முன்பே ஒருமுறை மணமாகிக் கணவனை இழந்தவர். அவர்கள் மணமும் அதே ஹென்லோவில்தான், 1596இல். பெற்றோரோடு இந்தப் பெண் மட்டும் மேஃபிளவரில் வந்தாள். அதே கப்பலில் சிற்றப்பா எட்வர்டும் அவர் மனைவியும் வந்தார்கள். கேப் காட் கரையை அவர்கள் எட்டியபோது அவளுக்கு 13 வயது. அந்தக் குளிர்காலத்தில் கப்பலில் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் செத்தார்கள். தாய், தந்தை, சிற்றப்பா, சிற்றன்னை, நால்வரும் போய்விட்டார்கள். பெரியவர்கள் என்று சொல்ல அவளுக்கு அங்கே சொந்தத்தில் ஒருவரும் இல்லை.

அடுத்து அவள் பெயர் எனக்குப் பிடித்த ஓர் ஆவணத்தில் வருகிறது. 1627இல் பிளிமத் மக்கள் பொதுவில் இருந்த கால்நடைகளைப் பங்கு போட்டார்கள். ஒரு பங்குக்குப் 13 பேர். நான்காம் பங்கு ஜான் ஹவ்லண்ட் குழுவுக்கு: மனைவி எலிசபெத், மகன் ஜான், மகள் டிசையர், அவர்களோடு ஜான் ஆல்டன் குடும்பம் முதலானோர். அவர்களுக்கு விழுந்தது ஜேக்கப் கப்பலில் வந்த கிடேரிகளில் ஒன்று. அந்தக் கிடேரியின் பெயர்கூடப் பதிவில் இருக்கிறது, ராக்ஹார்ன். மாட்டுக்குப் பங்கு எழுதிய தாளால் பெண் ஒருத்தியின் குடும்பம் நமக்குத் தெரியவருகிறது. மூத்த மகளுக்கு டிசையர் என்று பெயர் வைத்தது கார்வர் வீட்டில் உடன் இருந்த டிசையர் மின்டரின் நினைவாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

கணவர் இறந்த பின் சுவான்சியில் மகள் லிடியாவின் வீட்டுக்குப் போனாள். 1686 டிசம்பரில் உயில் எழுதினாள். இறகுப் படுக்கை, படுக்கை விரிப்புகள், பெரிய இரும்புப் பானை, சில புத்தகங்கள் என்று பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தாள். அடுத்த ஆண்டு 1687 டிசம்பரில் 80 வயதில் காலமானாள். அடக்கம் செய்த இடம் இன்று ரோட் ஐலண்டின் ஈஸ்ட் பிராவிடன்ஸில் லிட்டில் நெக் கல்லறைத் தோட்டம்.

ஆளுநரின் பேத்தி என்ற பட்டம் இந்தப் பெண்ணுக்கு எதற்கு அண்ணா?

மலைக்கோட்டை | திங்கள், மாலை 6.48

நல்ல இழை. ஆனாலும் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பதினான்காம் தலைமுறைப் பையனுக்கு ஹவ்லண்ட் தலைமுறையில் 8,192 முன்னோர்களுக்கு இடம் இருக்கிறது. அதில் ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு 'நாங்கள் மேஃபிளவர் வம்சம்' என்பது எந்த வகையில் நியாயம்? ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இரண்டு புஷ்கள் என்று குடியரசுத் தலைவர்களே ஹவ்லண்ட் வழியில் வருகிறார்கள் என்றால், அந்த வழியில் வந்தவர்கள் எவ்வளவு பேர் இருப்பார்கள் என்று யோசியுங்கள்.

மேஃபிளவரில் வந்தவர்கள் இறங்கிய இடம் ஆளில்லாத காடும் இல்லை. பிளிமத் எழுந்தது வாம்பனோவாக் பூர்வகுடி மக்களின் பட்டுக்செட் ஊர் இருந்த இடத்தில். 1616 முதல் 1619 வரை கொள்ளைநோய் அந்த ஊரை வாரிக்கொண்டு போயிருந்தது. வந்தவர்கள் விதைத்தது அந்த மக்கள் திருத்தி வைத்திருந்த நிலத்தில். ஆதி அமெரிக்க முன்னோர் என்ற சொல்லை ஹவ்லண்டோடு தொடங்குவது எனக்கு ஒப்பவில்லை.

பழஞ்சுவடி | திங்கள், இரவு 9.30

மலைக்கோட்டை தம்பி சொன்ன இரண்டையும் ஏற்கிறேன். பட்டுக்செட்டை விட்டுவிட்டு பிளிமத்தின் கதையைச் சொல்வது பாதிக் கதை. பேரனுக்கும் அதைச் சொல்ல வேண்டும்.

8,192 என்ற எண் இன்னொன்றையும் காட்டுகிறது. மரபணுச் சோதனை செய்து 'ஹவ்லண்ட் ரத்தம்' கண்டுபிடித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அத்தனை தலைமுறை தள்ளியிருக்கும் முன்னோரிடமிருந்து ஒரு துண்டுகூட வந்து சேராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். நெருங்கிய நான்கைந்து தலைமுறைக்கு அந்தச் சோதனை நல்ல துணை. அதற்கு மேலே காகிதம்தான் பேச வேண்டும்.

காகிதத்திலும் கவனம் வேண்டும். வம்சாவளி எழுதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இருந்தார்கள். ஸ்வீடனில் பிறந்து நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் வாழ்ந்த குஸ்டாவ் அஞ்சூ என்பவர் பணக்காரக் குடும்பங்களுக்குப் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, இல்லாத பதிவேடுகளை மேற்கோள் காட்டி அரச பரம்பரைகளை உண்டாக்கிக் கொடுத்தார். அவர் எழுதியவை நூலகங்களில் இன்றும் இருக்கின்றன, இணையத்து மரங்களிலும் புகுந்துவிட்டன. உங்கள் தாளில் வேறு மையில் இழுத்த கோட்டைப் பார்த்து நீங்கள் நின்றது சரியான இடம் ஐயா.

வட்டுக்கோட்டையான் | செவ்வாய், காலை 6.15

பெயரை வைத்து மயங்குவதைப் பற்றி யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வார்த்தை. அமெரிக்க மிஷனரிமார் எங்கள் ஊரில் 1823இல் செமினரி தொடங்கினார்கள். அவர்களுடைய பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு, அமெரிக்காவில் இருந்து படிப்புச் செலவுக்குக் காசு அனுப்பிய புரவலர்களின் பெயரைச் சூட்டுகிற வழக்கம் இருந்தது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை போன்ற பெயர்களைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். எங்கள் தாய்வழியிலும் ஒரு நியூ இங்கிலாந்துக் குடும்பப் பெயர் நான்கு தலைமுறையாக ஓடுகிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு அமெரிக்கப் பூட்டன் இருந்தாரா?" என்று ஆசையோடு கேட்கிறார்கள். ரத்த உறவு ஏதும் இல்லை. யாரோ ஒரு முகம் தெரியாத மனிதர் எங்கள் பூட்டன் படிக்கக் காசு அனுப்பினார். அந்த நன்றியை எங்கள் குடும்பம் பெயராகச் சுமக்கிறது. பிள்ளைகளிடம் அதைத்தான் சொல்கிறேன், அதுவே எனக்குப் பெருமை.

பாஸ்டன்வாசி | செவ்வாய், காலை 8.40

வட்டுக்கோட்டை அண்ணன் சொன்னது ஹவ்லண்டுக்கும் பொருந்தும். ஜான் ஹவ்லண்டின் உடன்பிறந்த ஹென்றி, ஆர்தர் இருவரும் பின்னால் பிளிமத் பகுதிக்கு வந்து குடியேறினார்கள். ஹவ்லண்ட் என்ற குடும்பப் பெயரோடு நியூ இங்கிலாந்தில் இருப்பவர்கள் பலர் அவர்கள் வழி. மேஃபிளவரோடு அவர்களுக்கு நேர்வழி கிடையாது.

பொருநைக்கரையான் ஐயா, உங்கள் தாளில் இரண்டாம் தலைமுறை யார்? ஆறாம் தலைமுறைச் சிப்பாய் எந்த ஊர்?

பொருநைக்கரையான் | செவ்வாய், காலை 10.02

இரண்டாம் தலைமுறை ஹோப் என்ற மகள். கணவர் ஜான் சிப்மன், பார்ன்ஸ்டபிள். சிப்பாயும் அவர் மனைவியும் பார்ன்ஸ்டபிளில் இருந்தவர்கள். நிலப் பத்திரங்களைப் பார்த்தால் தகப்பன் மகளுக்கு எழுதிக்கொடுத்தது ஏதாவது அகப்படும் என்று நினைக்கிறேன். என் கை அங்கேதான் போகிறது.

பாஸ்டன்வாசி | செவ்வாய், பிற்பகல் 12.30

ஐயா, வருத்தமான செய்தி. பார்ன்ஸ்டபிள் மாவட்ட நீதிமன்றக் கட்டடம் 1827இல் தீப்பிடித்தது. பத்திரப் பதிவுத் தொகுதிகளில் ஏறக்குறைய எல்லாமே எரிந்துபோயின. உயில், வாரிசுப் பங்கீட்டுப் பதிவேடுகள் பெரும்பாலும் தப்பின. ஆகவே உங்கள் கை அந்தப் பக்கம் போகட்டும்.

சொன்னால் ஆறுதலாக இருக்கும், வேலை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. மேஃபிளவர் வழித்தோன்றல்களின் சங்கம் 1897இல் பிளிமத்தில் தொடங்கியது. அவர்கள் ஒவ்வொரு பயணியின் முதல் ஐந்து தலைமுறைகளையும் ஆவணச் சான்றோடு தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறார்கள். ஹவ்லண்டுக்கும் இருக்கிறது. முதல் ஐந்து தலைமுறையை அங்கே ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தப் பக்கம் சம்பந்தியம்மாவிலிருந்து மேலே ஏறுவதும் கடினம் இல்லை. மாசசூசெட்ஸில் 1841 முதல் மாநிலம் முழுவதற்கும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு உண்டு. மக்கள்தொகைக் கணக்கில் 1850 முதல் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரின் பெயரும் வரும், 1880 முதல் குடும்பத் தலைவருக்கு அவர் என்ன உறவு என்பதும் வரும். 1890 கணக்கை மட்டும் தேடாதீர்கள். 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்துக்குப் பின் அதில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. 1850க்கு முன் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை.

உங்கள் முழு உழைப்பும் அந்த ஐந்து-ஆறு கண்ணிக்குப் போக வேண்டும். கணவர் புரட்சிப் போர்ச் சிப்பாய் என்றீர்கள். மனைவி 1836க்குப் பிறகும் உயிரோடு இருந்தாரா? அந்த ஆண்டிலும் 1838இலும் வந்த சட்டங்களால் விதவைகள் ஓய்வூதியம் கேட்க முடிந்தது. திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருந்ததால் குடும்ப பைபிளில் பிறப்பு, திருமணம் எழுதிய ஏட்டைக் கிழித்து அனுப்பியவர்கள் உண்டு. தெரிந்தவர்கள் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தார்கள். அந்தக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் படமாகக் கிடைக்கின்றன.

தேதியில் ஓர் எச்சரிக்கை. 1752 வரை இங்கே பழைய நாட்காட்டி. ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஹோப் சிப்மனின் கல் பார்ன்ஸ்டபிளில் லாத்ராப் ஹில்லில் இன்னும் நிற்கிறது. அதில் 1683 ஜனவரி 8 என்று இருக்கும். நம் கணக்கில் அது 1684. இதை அறியாமல் எழுதினால், ஒரு குழந்தை தாய் இறந்த பின் பிறந்ததுபோலத் தோன்றிவிடும்.

அட்லாண்டா அன்பன் | செவ்வாய், இரவு 10.15

பாஸ்டன்வாசி எழுதியதை என் மனைவியும் நானும் சேர்ந்து படித்தோம். அவள் கறுப்பின அமெரிக்கப் பெண். 1850இலிருந்து எல்லோர் பெயரும் வரும் என்று நீங்கள் சொன்ன இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள். சுதந்திரமானவர்களின் பெயர் மட்டும்தான் வரும். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, ஆண் பெண், நிறம், அவ்வளவுதான் இருக்கும். அவளுடைய கொள்ளுப்பாட்டியின் பெற்றோர் பெயரோடு முதன்முதலாக வருவது 1870 கணக்கில். அதற்கு மேலே ஏற முடியாமல் நான்கு ஆண்டுகள் சுவரில் முட்டிக்கொண்டு நின்றோம்.

இப்போது ஒரு வழி திறந்திருக்கிறது. விடுதலை பெற்றவர்களுக்காக 1865இல் தொடங்கிய சேமிப்பு வங்கியில் கணக்கு வைத்தவர்களிடம் தாய், தந்தை, உடன்பிறந்தவர் பெயர்களைக் கேட்டு எழுதியிருந்தார்கள், பிறந்த இடத்தையும் பழைய எசமானரின் பெயரையும்கூட. அந்தப் பதிவில் கொள்ளுப்பாட்டியின் தாய்மாமன் இருக்கிறார். தூரத்தில் விற்கப்பட்ட ஒரு தங்கையின் பெயரையும் அவர் சொல்லியிருக்கிறார். எங்கே இருக்கிறாள் என்பதற்கு, தெரியாது. அந்த வரியைப் படித்த இரவு நாங்கள் இருவரும் தூங்கவில்லை.

வர்ஜீனியாவில் 1621இல் அன்டோனியோ என்ற பெயரில் வந்து இறங்கி, பின்னால் அந்தோணி ஜான்சனாகி, 1650களில் சொந்தமாக 250 ஏக்கர் வைத்திருந்த ஆப்பிரிக்கர் ஒருவர் உண்டு. அவருடைய பேரன் தன் நிலத்துக்கு அங்கோலா என்று பெயர் வைத்தான். அவர்களும் ஆதி அமெரிக்க முன்னோர்தான். ஹவ்லண்டைத் தேடுவதில் எனக்கு மறுப்பில்லை ஐயா. நல்ல பதிவேடு வாய்த்தவர்கள் அதைப் பழுதில்லாமல் படிக்க வேண்டும் என்றே ஆசைப்படுகிறேன்.

பொருநைக்கரையான் | புதன், காலை 6.50

அட்லாண்டா தம்பி, உங்கள் பதிவைச் சம்பந்தியம்மாவுக்கும் வாசித்துக் காட்டச் சொன்னேன். உங்கள் மனைவியிடம் எங்கள் இருவர் வணக்கத்தையும் சொல்லுங்கள். அந்தத் தங்கையின் பெயரை உங்கள் வீட்டு மரத்தில் எழுதி வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அட்லாண்டா அன்பன் | புதன், காலை 9.22

எழுதி வைத்திருக்கிறோம் ஐயா. கடைசியாகப் பிறந்த மகளுக்கும் அதே பெயர்.

பொருநைக்கரையான் | அடுத்த வாரம், வியாழன், இரவு 8.30

ஒன்பது நாளாக வேறு வேலை பார்க்கவில்லை. முடிவைச் சொல்கிறேன்.

பாஸ்டன்வாசி சொன்னபடியே விதவை ஓய்வூதியக் கோப்பு கிடைத்தது. பைபிள் ஏடு இல்லை. ஆனால் முதியவர் ஒருவரின் வாக்குமூலம் இருக்கிறது. அந்தத் திருமணத்தில் தான் இருந்ததாகவும், மணப்பெண் தன் சகோதரி என்றும் சத்தியம் செய்கிறார். கீழே அவர் கையெழுத்து, குடும்பப் பெயரோடு! பிறந்த வீடு தெரிந்துவிட்டது.

அடுத்து உயில். பார்ன்ஸ்டபிளில் அதே குடும்பப் பெயரில், அதே முதற்பெயரில் இரண்டு பேர், 'மூத்தவர்', 'இளையவர்' என்று. பாட்டியின் தாள் இளையவரை மூத்தவரின் மகனாக வைத்திருக்கிறது. ஐந்து தலைமுறைத் தொகுதியில் பார்த்தால் இளையவர் மூத்தவரின் தம்பி மகன். மூத்தவரின் தந்தைதான் இளையவரின் தாத்தா என்பதால் ஹோப் வரைக்கும் போகும் பாதை அறுபடவில்லை. நான்காம் படியில் ஆள் மட்டும் மாறுகிறது. இளையவரின் உயிலில் மகன்களைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். வாக்குமூலம் கொடுத்தவரின் பெயர் அதில் இருக்கிறது. மகள்களை மட்டும் 'என் மகள்கள் மூவருக்கும்' என்று பெயரில்லாமல் விட்டுவிட்டார். கயல் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

ஆக, சகோதரன் இளையவரின் மகன் என்பதற்கு உயில், அந்தப் பெண் அவன் சகோதரி என்பதற்கு வாக்குமூலம். இரண்டையும் சேர்த்தால் கண்ணி பூட்டிவிடுகிறது. என் மேசையில் இருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழஞ்சுவடி | வியாழன், இரவு 11.05

அருமையான வேலை ஐயா. அந்தக் காலத்தில் 'இளையவர்' என்றால் ஒரே ஊரில் அதே பெயருள்ள இருவரில் வயதில் சின்னவர் என்றுதான் பொருள். மகன் என்று எடுத்துக்கொண்டு தவறியவர்கள் ஏராளம். மூத்தவர் இறந்ததும் இளையவரே 'மூத்தவர்' ஆகிவிடுவதும் உண்டு.

ஆனால் ஒரு படி பொறுங்கள். நமக்கு அண்ணி, கொழுந்தியாள், நாத்தனார், சித்தி என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருக்கிறது. அவர்களுடைய பழைய எழுத்தில் அப்படி இல்லை. மாற்றாந்தாயை மாமியாருக்கு உரிய சொல்லாலும், அண்ணன் மகனை ஒன்றுவிட்ட சகோதரனுக்கு உரிய சொல்லாலும் எழுதுவார்கள். மனைவியின் தங்கையையும் 'சகோதரி' என்று மட்டும் சொல்லிவிடுவார்கள். அந்த முதியவர் மணந்தது யாரை? மனைவி எந்த வீட்டுப் பெண்? அது தெரியும் வரை, மணப்பெண் அவர் மனைவியின் தங்கையாகவும் இருந்திருக்கலாம். தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவில் அந்தப் பெண்ணின் பெயர் இளையவரின் மகளாக வந்தால்தான் பூட்டுங்கள்.

கயல் | வெள்ளி, காலை 7.45

பழஞ்சுவடி ஐயா சொல்வது சரிதான். இன்னொரு வழியும் உண்டு. உயிலோடு சொத்துப் பங்கீட்டுக் கணக்கு தனியாக இருக்கும். உயிலில் 'மூன்று மகள்கள்' என்று விட்டிருந்தாலும், பங்கு வாங்கியபோது அவர்களோ அவர்கள் கணவர்களோ ரசீதில் கையெழுத்தோ கைக்குறியோ போட்டிருப்பார்கள். சிப்பாயின் கையெழுத்து அங்கே இருக்கிறதா என்று பாருங்கள் அண்ணா.

பொருநைக்கரையான் | ஞாயிறு, மாலை 5.10

பங்கீட்டு ரசீதைத் தேடச் சொல்லி எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

நேற்று எல்லோரும் பிளிமத் போனோம். கல்லில் டில்லி என்ற பெயரைப் பேரன் விரலால் தடவிப் படித்தான். அங்கிருந்து ஈஸ்ட் பிராவிடன்ஸ் போய் லிட்டில் நெக்கையும் பார்த்தோம். சம்பந்தியம்மா தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பூக்களை அங்கே வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

திரும்பி வந்ததும் பழைய தாளைக் கழற்றட்டுமா என்று மருமகள் கேட்டாள். வேண்டாம், அது என் பாட்டியின் கை, அங்கேயே இருக்கட்டும் என்றார். ஒரு புதிய தாளை எடுத்து, உச்சியில் ஜான் ஹவ்லண்ட் என்று எழுதி, பக்கத்தில் 'எலிசபெத் டில்லி, ஹென்லோ, 1607' என்று பேரனை எழுதச் சொன்னார். நான்காம் படியில் சரியான ஆளைப் போட்டோம். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் மட்டும் புள்ளி புள்ளியாகக் கோடு போட்டிருக்கிறோம், பென்சிலால்.

இன்னொரு உதவி வேண்டும். வாக்குமூலத்தின் கடைசி வரியில் முதியவர் தன் வயதை எழுதியிருக்கிறார். 71ஆ 77ஆ என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. 77 என்றால் அந்தத் திருமணத்தின்போது அவருக்குப் 14 வயது, 71 என்றால் எட்டே வயது. படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன். அந்தக் காலத்து எண்களைப் படிக்கப் பழகியவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

பாஸ்டன்வாசி | ஞாயிறு, இரவு 7.25

பார்த்தேன் ஐயா. அதே பக்கத்தில் மேலே தேதியில் ஒரு 7 இருக்கிறது, அதன் தலைக்கோடு வளைந்து தொடங்குகிறது. வயதின் இரண்டாம் எண்ணிலும் அதே வளைவு தெரிகிறது. 77 என்றே படிக்கிறேன். ஆனாலும் பக்கத்தைப் பெரிதாக்கிய படம் ஒன்று அனுப்புங்கள். மை ஊறியிருக்கிறது.